உங்கள் மெஸ் சாப்பாட்டின் கார்பன் தடத்தை அளக்கப் போகிறீர்களா? முதல் முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடந்த ஆண்டு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, சுமார் 200 மாணவர்கள் சாப்பிடும் ஒரு கல்லூரி விடுதி மெஸ்ஸின் உணவு சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை தருகிறது என்று அளந்தோம். நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை பதினான்கு வாரம் இழுத்தது. அதில் பாதி, தவறான இடத்தில் செலவழித்த நேரம். எந்த மென்பொருள் நல்லது என்று மாதக்கணக்கில் தேடினோம். உண்மையான வேலை தராசிலும் சரக்குப் பதிவேட்டிலும் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. நீங்கள் அந்த ஒன்றரை மாதத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கல்யாண மண்டபம், அலுவலக கேன்டீன், அன்னதானக் கூடம், உங்கள் வீட்டுச் சமையலறை என எதற்கும் இந்த வரிசை பொருந்தும்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயு மூன்றையும் ஒரே அளவில் கூட்டுவதற்கு எல்லாவற்றையும் கரியமில வாயுவுக்கு இணையாக மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் நீட்டி எழுதாமல் அதை 'கரியமில இணை' என்றே கீழே குறிப்பிடுகிறேன்.

1. எதை அளக்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எங்கள் வாக்கியம் இது: "ஒரு மாணவர் ஒரு நாள் மெஸ்ஸில் சாப்பிடும் மூன்று வேளை உணவு, வயலில் தொடங்கித் தட்டு கழுவும் இடத்துக்கு வரும் வரை, எத்தனை கிலோ கரியமில இணை வெளியிடுகிறது?" இதில் அலகும் (ஒருவர், ஒரு நாள்) எல்லையும் (வயல் முதல் தட்டு வரை) இருக்கின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பின்னால் தகராறு வரும்.

அலகைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி உண்டு. கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் வெள்ளரிக்காய் எப்போதும் நல்லது, பருப்பு அதைவிடக் கெட்டது. ஆனால் வெள்ளரிக்காயைச் சாப்பிட்டுப் புரதம் பெற முடியாது. அதனால் ஒரு நாள் உணவு என்ற அலகோடு, 100 கிராம் புரதத்துக்கு எவ்வளவு என்ற கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். புரத அளவுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை போதும். நம் ஊர்க் கீரைகள், மீன்கள் உட்பட 528 உணவுப் பொருள்கள் அதில் இருக்கின்றன.

இந்த வகை ஆய்வுக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். அதற்கான பன்னாட்டுத் தரநிலைகள் ஐ.எஸ்.ஓ. 14040, 14044. அவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. நோக்கத்தையும் எல்லையையும் வரையறுப்பது, கணக்கெடுப்பது, தாக்கத்தை மதிப்பிடுவது, விளக்குவது என்ற நான்கு படிகளை மனதில் வைத்தால் போதும்.

2. அனுமதிக் கடிதம்: மூன்று வாரம் ஒதுக்குங்கள்

எங்களுக்கு வார்டன் வாய்மொழியாகச் சரி என்றார். மறுநாளே தராசைத் தூக்கிக்கொண்டு போனோம். சமையல் ஒப்பந்தக்காரர் உள்ளே விடவில்லை. அவர் பயந்தது நியாயம்தான். கொள்முதல் கணக்கைப் பார்த்து யாரோ ஊழல் விசாரிக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அதனால் கடிதத்தில் இவற்றைத் தெளிவாக எழுதுங்கள்:

- விலைகளைப் பார்க்க மாட்டோம், எடைகளை மட்டும் குறித்துக்கொள்வோம்.
- கடைக்காரர்கள், பணியாளர்கள் பெயர் எதுவும் அறிக்கையில் வராது.
- சமையல் நடக்கும் நேரத்தில் யார் வழியையும் மறிக்க மாட்டோம்.
- முடிவை முதலில் மெஸ் கமிட்டியிடம் கொடுத்த பிறகே வெளியே பேசுவோம்.

கடிதத்தின் நகல் வார்டன், ஒப்பந்தக்காரர், மெஸ் கமிட்டிச் செயலாளர் மூவருக்கும் போக வேண்டும். மூவரின் கையெழுத்தும் வந்த பிறகு, தலைமைச் சமையல்காரரிடம் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் மெஸ்ஸின் சமையல்கார அண்ணன் ஒருவர் சொன்ன தகவல்கள்தான் எங்கள் ஆய்வையே காப்பாற்றின. சமையல்காரரிடம் கையெழுத்து கேட்க வேண்டியதில்லை. மரியாதை முக்கியம்.

3. எந்த இரண்டு வாரம்?

ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் வேண்டும். பெரும்பாலான மெஸ்களில் மெனு வாராவாரம் சுழலும். ஒரே வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வந்துவிட்டால் சராசரி கெட்டுவிடும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்னும் பின்னும், செமஸ்டர் தேர்வுக் காலம். புரட்டாசியும் கூடாது. புரட்டாசியில் பல மாணவர்கள் அசைவத்தைத் தொட மாட்டார்கள், கோழியும் முட்டையும் பாதியாகக் குறையும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் அதிகம் இருந்தாலும் இதே கதைதான். அந்த மாதங்களை அளந்து அதையே ஆண்டுச் சராசரி என்று எழுதினால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். நேரம் இருந்தால் புரட்டாசியில் ஒரு வாரம், வேறு மாதத்தில் இரண்டு வாரம் என்று அளந்து ஒப்பிடுங்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை, இன்றும் அந்தக் குறை உறுத்துகிறது.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

- சரக்கு இருப்புப் பதிவேடு, குறைந்தது மூன்று மாதத்துக்கு
- மளிகை, காய்கறி, பால், இறைச்சி பில்கள்
- சாப்பிட்டவர் எண்ணிக்கை: வேளைவாரியாக, டோக்கன் அல்லது வருகைப் பதிவு
- எரிவாயு சிலிண்டர் ரசீதுகள்
- சமையலறைக்குத் தனி மீட்டர் இருந்தால் மின்கட்டண விவரம்
- அந்த இரண்டு வார மெனு

வாங்கிய அளவு வேறு, பயன்படுத்திய அளவு வேறு. மாதத் தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசி இருப்பைக் கழித்தால்தான் சமைத்த அளவு வரும். அரிசி மாதம் ஒருமுறைதான் இறங்கும். பில்லை மட்டும் பார்த்தால் ஒரு வாரம் மலையளவு அரிசியும் அடுத்த வாரம் சுழியமும் காட்டும்.

பதிவேட்டில் எண்ணிக்கை இருக்கும், எடை இருக்காது. இங்கேதான் பொறிகள் அதிகம்.

அரிசிச் சிப்பம் என்றால் 25 கிலோ என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொதிகளுக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பங்கள் பரவலாகிவிட்டன. எங்கள் கிடங்கில் இருந்தவை எல்லாமே 26. ஒரு சிப்பத்துக்கு ஒரு கிலோதான் என்று தோன்றும், மொத்தத்தில் நான்கு சதவீதம் போய்விடும்.

எண்ணெய் டின்னில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பதிவேட்டில் இரண்டும் '15' என்றே எழுதியிருக்கும். 15 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 13.7 கிலோதான்.

கீரை கட்டுக் கணக்கு, தேங்காய் காய்க் கணக்கு, வாழைக்காய் எண்ணிக்கைக் கணக்கு. பத்துப் பத்தாக நிறுத்துச் சராசரி எடுத்து ஓர் அட்டவணை போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை, அப்புறம் எப்போதும் உதவும்.

5. தராசு

தேவை இரண்டு: 100 கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று, 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று. பெரியதை வாங்காதீர்கள். பழைய இரும்புக் கடையிலோ காய்கறி மண்டியிலோ இரண்டு வார வாடகைக்குக் கிடைக்கும். எங்களுக்கு வாடகை, சின்னத் தராசு, வாளிகள், கையுறை, நகல் செலவு, ஆலைக்கும் கிராமத்துக்கும் போய்வந்த பஸ் செலவு எல்லாம் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

காலையில் சமையலுக்கு எடுக்கும்போதே பச்சையாக நிறுங்கள். இதைத் தடித்த எழுத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள். நாங்கள் முதல் நான்கு நாள் பரிமாறும் சோற்றை நிறுத்தோம். 300 கிராம் அரிசி வெந்தால் 800 கிராமுக்கு மேல் சோறாகும், கூடியதெல்லாம் தண்ணீர். அட்டவணைகளில் இருக்கும் உமிழ்வு எண்கள் (ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கரியமில இணை என்பவை) அரிசிக்கானவை. சோற்றின் எடையோடு பெருக்கினால் அரிசியின் பங்கு இரண்டரை மடங்குக்கு மேல் பெருகி நிற்கும். நான்கு நாள் உழைப்பையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

இறைச்சியில் இதற்கு நேர்மாறான சிக்கல். கோழி உயிரோடு நிறுத்ததா, உரித்ததா, எலும்பு நீக்கியதா என்று பில்லிலேயே பென்சிலால் எழுதுங்கள். மீனுக்கும் அப்படியே.

மிச்சத்துக்கு மூன்று வாளி வையுங்கள்: நறுக்கும்போது கழிவது, பாத்திரத்தில் மிஞ்சுவது, தட்டில் மிஞ்சுவது. மூன்றையும் சேர்த்து ஒரே வாளியில் போட்டால் யாரிடம் பேச வேண்டும் என்பதே தெரியாது. பாத்திரத்தில் மிஞ்சுவது சமையலறையின் தலைக்கணக்குப் பிழை, தட்டில் மிஞ்சுவது ருசியும் பழக்கமும் சம்பந்தப்பட்டது. எங்கள் மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை இரவுதான் பாத்திரத்தில் அதிகம் மிஞ்சியது. பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள், சமையல் மட்டும் முழுக் கணக்கில் நடக்கிறது. வேறெதையும் கண்டுபிடிக்காவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அளந்தது தகும்.

6. எரிவாயு, மின்சாரம்

வணிக சிலிண்டரில் 19 கிலோ எரிவாயு. ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயு, ஆக ஒரு சிலிண்டருக்கு 57 கிலோ. பாதி தீர்ந்த சிலிண்டரையும் நிறுத்துக் கணக்கிடலாம், காலி எடை சிலிண்டரின் மேலேயே பொறித்திருக்கும். மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் உமிழ்வு எண்ணைப் பயன்படுத்துங்கள். அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ.

7. உமிழ்வு எண்களைத் தேர்ந்தெடுப்பது

இலவசமாகவும் நம்பகமாகவும் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தது. அதன் எண்களை 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' தளம் அட்டவணையாகத் தருகிறது. ஒரு கிலோ பொருளுக்குச் சராசரி கரியமில இணை, கிலோவில்: அரிசி 4.45, பால் 3.15, முட்டை 4.67, கோழி 9.87, ஆட்டிறைச்சி 39.7, பருப்பு வகைகள் 1.79, உருளைக்கிழங்கு 0.46, வெங்காயம் 0.5.

ஒரே ஆய்வின் பெயரில் இரண்டு வகை எண்கள் உலவுகின்றன. ஆட்டிறைச்சிக்கு ஒரு வரைபடத்தில் 24, இன்னொன்றில் 39.7. கோழிக்கு 6, 9.87. ஏதாவது ஓர் அட்டவணையை மட்டும் எடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள், கலக்காதீர்கள். பதிவிறக்கிய தேதியையும் எழுதுங்கள்.

இந்த எண்கள் வயலிலிருந்து கடை வரை எல்லாவற்றையும் உள்ளடக்கியவை. அதனால் லாரிப் போக்குவரத்தைத் தனியாகச் சேர்த்தால் இருமுறை எண்ணியதாகிவிடும். சமையல் எரிவாயுவையும் சமையலறை மின்சாரத்தையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடல்மீனுக்கு இந்த அட்டவணையைத் தொடவே வேண்டாம். அதில் இருப்பது வளர்ப்பு மீனும் வளர்ப்பு இறாலும்தான். வலையில் பிடித்த மத்திக்கும் நெத்திலிக்கும் சுமை பெரும்பாலும் படகு எரிக்கும் டீசலில் இருக்கிறது, வளர்ப்பு மீனைப் போலத் தீவனத்தில் அல்ல.

பன்னீர் எல்லோரும் தவறவிடும் பொருள். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். அப்படியானால் கிலோவுக்கு 16-ஐத் தாண்டும், கோழியைவிட அதிகம். 'அசைவம் இல்லாத நாள் என்றால் சுமை குறைவு' என்று முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். எங்கள் மெஸ்ஸில் பன்னீர் பட்டர் மசாலா போட்ட நாளும் சிக்கன் குழம்பு வைத்த நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.

8. அரிசிக்கு மட்டும் தனி உழைப்பு தேவை

நம் ஊர்ச் சாப்பாட்டில் அரிசியின் எடை மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். அரிசியின் எண் மாறினால் மொத்தமும் மாறும். எங்கள் கணக்கில் ஒருவர் ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி. உலகச் சராசரி 4.45-ஐப் போட்டால் அரிசியே 1.34 கிலோ கரியமில இணை, ஒரு நாள் மொத்தம் 3.3 கிலோ. ஆனால் எங்கள் மெஸ்ஸுக்கு அரிசி வரும் ஆலைக்குப் போய், அந்த ஆலைக்கு நெல் கொடுக்கும் விவசாயிகளிடம் பேசிக் கணக்கிட்டபோது வேறு எண் கிடைத்தது.

கணக்கு கடினமானதல்ல. ஐ.பி.சி.சி. எனும் ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு 2019-இல் திருத்திய வழிகாட்டியில், தெற்காசியாவில் எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும் வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று இருக்கிறது. 112 நாள் பயிருக்கு 95 கிலோ. மீத்தேனைக் கரியமில இணையாக மாற்ற நூறாண்டுக் கணக்கில் 27-ஆல் பெருக்கினால் சுமார் 2,570 கிலோ. ஹெக்டேருக்கு 5 டன் நெல், அதில் 66 சதவீதம் அரிசி என்றால், ஒரு கிலோ அரிசிக்கு மீத்தேனால் மட்டும் 0.78 கிலோ. தொழு உரம் போடுவதால் கூடும் மீத்தேன், யூரியா, பம்புசெட், டிராக்டர், நெல் அவிப்பது எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1.6 வந்தது. அதைப் போட்டால் ஒரு நாள் மொத்தம் 3.3-இலிருந்து 2.45-ஆக இறங்குகிறது.

எது சரி? எங்கள் அறிக்கையில் இரண்டையும் கொடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

விவசாயியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று: வயலில் தண்ணீர் எப்போதும் நிற்குமா, காய்ச்சலும் பாய்ச்சலுமா? தண்ணீர் கட்டுவதும் வயலைக் காயவிடுவதும் மாறிமாறி நடந்தால், அதே வழிகாட்டியின்படி மீத்தேனை 0.55-ஆல் பெருக்கலாம், ஏறக்குறைய பாதி. சேற்றில் காற்றுப் புகுந்தால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும் என்பதே காரணம். ஆனால் 'காயவிடுவோம்' என்று சொன்னதை மட்டும் வைத்து 0.55 போடாதீர்கள். பருவத்தில் எத்தனை முறை என்று கேளுங்கள். ஒரே ஒரு முறை என்றால் 0.71. கடைமடையில் தண்ணீர் வராமல் காய்ந்ததையும் சிலர் இதில் சேர்த்துச் சொல்வார்கள். அப்படியானால் மகசூலும் குறைந்திருக்கும், அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மீத்தேனைப் பெருக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். ஐ.பி.சி.சி.யின் பழைய அறிக்கைகளில் 25, பிறகு 28, 2021 அறிக்கையில் உயிரிவழி மீத்தேனுக்கு (நெல் வயலில் வருவது போன்றது) 27. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80-ஐ ஒட்டி வரும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

9. ஒரு விதையில் இரண்டு பொருள் வந்தால்

கடலையை ஆட்டினால் எண்ணெயும் வரும், புண்ணாக்கும் வரும். கடலை விளைவித்த சுமையை எதன் தலையில் எவ்வளவு வைப்பது? உதாரணத்துக்கு 100 கிலோ நிலக்கடலைப் பருப்பில் 40 கிலோ எண்ணெய், 60 கிலோ புண்ணாக்கு என்று வையுங்கள். எடைப்படி பிரித்தால் எண்ணெய்க்கு 40 சதவீதம். எண்ணெய் கிலோ 200, புண்ணாக்கு 50 ரூபாய் என்று விலைப்படி பிரித்தால் 73 சதவீதம். இரண்டும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைகளே. பால்-இறைச்சி, அரிசி-தவிடு எல்லாவற்றுக்கும் இதே கேள்வி வரும். ஒரே முறையை எல்லாப் பொருளுக்கும் கையாளுங்கள். வேண்டிய முடிவு வருவதற்காகப் பொருளுக்குப் பொருள் மாற்றுவது மோசடி.

10. மென்பொருளும் தண்ணீர்க் கணக்கும்

எக்ஸெல் போதும். எங்கள் அறிக்கை முழுவதும் அதில்தான். ஓபன்எல்சிஏ என்ற மென்பொருள் இலவசம். அதற்குள் போடும் ஈகோஇன்வென்ட் தரவுத்தொகுப்புக்கு உரிமம் வாங்க ஆயிரக்கணக்கான யூரோ ஆகும், மாணவர்களுக்குச் சலுகை உண்டு. பிரான்ஸின் அக்ரிபாலிஸ் தரவுத்தொகுப்பு இலவசம், ஆனால் அது பிரெஞ்சுக்காரர்களின் தட்டுக்காகச் செய்தது. நம் பருப்பையும் புழுங்கலரிசியையும் அதில் தேடிக் கிடைத்ததைப் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீருக்கு, மெகோனென், ஹூக்ஸ்ட்ரா என்ற ஆய்வாளர்கள் தொகுத்த நீர்த்தட எண்கள் (ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை லிட்டர் நீர் என்பவை) இலவசம். அரிசி கிலோவுக்கு உலகச் சராசரி ஏறத்தாழ 2,500 லிட்டர் என்று அதில் இருக்கும். அந்த ஒற்றை எண்ணை அப்படியே போஸ்டரில் போடாதீர்கள். மழைநீர், பாசனநீர், உரக் கழிவை நீர்க்கத் தேவைப்படும் நீர் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. வயலில் பெய்த மழையும் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த நீரும் ஒன்றல்ல. பாசனநீரைத் தனியாகக் காட்டுங்கள்.

11. எவ்வளவு நாள் ஆகும்?

அனுமதிக்கு மூன்று வாரம், எடை அட்டவணைக்கு இரண்டு நாள், நிறுப்பதற்கு இரண்டு வாரம், பதிவேட்டோடு சரிபார்க்க ஒரு வாரம், எண்கள் தேடவும் ஆலைக்கும் கிராமத்துக்கும் போய்வரவும் இரண்டு வாரம், எழுத ஒரு வாரம். ஆக மொத்தம் ஒன்பது, பத்து வாரம். மூன்று பேராவது வேண்டும். அதிகாலை நான்கரைக்குச் சமையல் தொடங்கும், தினமும் ஒருவரே எழுந்தால் இரண்டாவது வாரத்தில் பதிவுகள் விட்டுப்போகும்.

12. யாரிடம், எப்போது கொடுப்பது?

மெஸ் ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் முடிவு கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் ஓராண்டு அலமாரியில் கிடக்கும். முதல் பக்கத்தில் மூன்று வரி மட்டும்: ஒருவருக்கு ஒரு நாள் எவ்வளவு (இரண்டு அரிசிக் கணக்கும்), அதிகம் தருகிற மூன்று பொருள்கள், எங்கே வீணாகிறது. மாணவர்களின் உணவுப் பழக்கத்தைக் குற்றம் சொல்லும் ஒரு வரிகூட வேண்டாம். வாரம் இரண்டு முறை கோழி சாப்பிடுகிற பிள்ளைக்கு வீட்டில் அது கிடைக்காமல் இருக்கலாம்.

நாங்கள் கேட்டது இரண்டே மாற்றம்: வெள்ளி, சனி இரவுகளுக்கு முந்தைய நாளே டோக்கன் வாங்குவது, பன்னீர் நாட்களில் ஒன்றைச் சுண்டலுக்கோ பயறுக் குழம்புக்கோ மாற்றுவது. முதலாவதை அந்த வாரமே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதைச் சுவைபார்க்கும் நாள் வைத்து முடிவெடுக்கலாம் என்றார்கள். எக்ஸெல் கோப்பின் ஒரு பிரதியையும், கட்டுக் கீரை முதல் தேங்காய் வரையிலான எடை அட்டவணையையும் மெஸ் கமிட்டியின் அலமாரியிலேயே தேதி போட்டு வைத்துவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு அளக்க வருபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.